பதினோரு மணிக்கு ஏன் கரையேறுகிறார்கள்? – வேதாரண்யம் பக்கம் ஒரு நாள்

ஏப்ரல் மாதக் கடைசியில் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். மானியம், விதை, பயிர்க் காப்பீடு என்று கேள்விகள் முடிந்த பிறகு, பின் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"குறுவை நடவு வரப்போவுது. ஆளுங்க எட்டரை மணிக்குத்தான் வயல்ல எறங்குறாங்க. பதினோரு மணி ஆனா கரையேறிடுறாங்க. கேட்டா வெயில் தாங்கலங்கிறாங்க. அந்தக் காலத்துல வெயில் இல்லையா? இதுக்கு உங்க டிபார்ட்மென்ட்ல என்ன சொல்றீங்க?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் ஐயா" என்று உட்கார்ந்துவிட்டேன். இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரியாகச் சொன்னால், பாதிப் பதில் இருந்தது. ஆனால் அதைக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேதாரண்யம் பக்கம் கிளம்பினேன். பையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றைச் சும்மா விட்டு, இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருந்தேன். வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலாவது காற்றின் சூட்டைக் காட்டும். ஈரத் துணி சுற்றியது, வியர்வை காய்ந்தால் உடம்பு எவ்வளவு குளிரும் என்பதைக் காட்டும். இதை ஈரக்குமிழ் அளவு என்பார்கள்.

நம் உடம்பு சூட்டைத் தணிக்க வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காய வேண்டும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். சட்டை நனையும், உடம்பு குளிராது. அதனால்தான் வேலூரில் 40 டிகிரியில் வேலை செய்கிறவருக்கு இருக்கும் அதே வேதனை, இங்கே 36 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. வானிலைத் துறையும் வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் தொடக்க அளவாக வைத்திருக்கிறது.

விடியுமுன்: முல்லைத் தோட்டம்

கரியாப்பட்டினம் தாண்டிக் கருப்பம்புலம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. இருட்டில் தோட்டம் முழுக்க மின்மினி போல வெளிச்சம். பக்கத்தில் போனால், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பெண்கள் முல்லை பறித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து மணலுக்கு முல்லை நன்றாக வரும். மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுமுன் வியாபாரி கையில் கொடுத்துவிட வேண்டும். பூ மலர்ந்துவிட்டால் விலை இல்லை.

உலர்குமிழ் 28, ஈரக்குமிழ் 26. மரத்தடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் இருந்தது. நடுவயதுப் பெண் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இந்த நேரத்து வேலை சௌகரியம்தானே அம்மா?"

"வெயிலுக்குச் சௌகரியம் சார். தூக்கத்துக்கு இல்ல. ரெண்டரை மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி வச்சுட்டு வந்தேன். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் வீட்டுக்குள்ள புழுக்கம், கண்ணு மூட முடியல. மிச்சம் எவ்வளவு இருக்கு, நீங்களே கணக்குப் பாருங்க."

கணக்குப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம்.

"காலையில் சீக்கிரம் வேலையைத் தொடங்குங்கள்" என்று நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். தொடங்குவதற்கு முன்னால் அடுப்படியில் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு முன்னால் தூக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதை யோசித்ததில்லை.

இருட்டில் இன்னொரு பயமும் உண்டு. பறிக்கும் பெண்களில் இரண்டு பேர்தான் காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் செருப்பு, அல்லது வெறுங்கால். கோடையில் பாம்புகள் இரவு நேரத்தில்தான் அதிகம் நடமாடும். வேலை நேரத்தை இருட்டுக்கு மாற்றினால் பூட்ஸும் விளக்கும் சேர்ந்தே வர வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பது மணி: கடலைக் கொல்லை

அடுத்துப் போனது ஒரு கடலைக் கொல்லைக்கு. ஒன்றரை ஏக்கர், சொந்தக்காரரும் மனைவியும் ஆட்களோடு சேர்ந்தே வேலை செய்கிறார்கள். உலர்குமிழ் 33, ஈரக்குமிழ் 28.

கடலை அறுவடையில் நம் முன்னோர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். காலைக் குளிர்ச்சியில் செடியைப் பிடுங்குவது, வெயில் ஏறினால் செடியை மரத்தடிக்குச் சுமந்து போய் உட்கார்ந்து கடலை ஆய்வது. கஷ்டமான வேலைக்குக் குளிர்ந்த நேரம், உட்கார்ந்த வேலைக்கு நிழல். இதை யாரும் புத்தகத்தில் எழுதிச் சொல்லவில்லை.

"இப்பவும் அப்படித்தான் சார் செய்யணும்னு நெனைக்கிறோம். மரம் எங்க?" என்றார் கொல்லைக்காரர்.

கொல்லையின் மேற்கு ஓரத்தில் கை நீட்டிக் காட்டினார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, அங்கே நின்ற ஒரு புளியமரமும் நான்கு மாமரங்களும் விழுந்தன. தென்னைகள் தனி. இந்தப் பகுதி முழுக்க அதே கதைதான். விழுந்த தென்னைக்கு நிவாரணம் கொடுத்தோம், கன்று கொடுத்தோம், பட்டியல் எடுத்தோம். அந்தப் பட்டியல் எடுத்தவர்களில் நானும் ஒருவன். தேங்காய் போனதைக் கணக்கு எழுதினோம், மாங்காய் போனதைக் கணக்கு எழுதினோம். நிழல் போனதை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இல்லை.

கடலை ஆயும் பெண்கள் நான்கு மூங்கில் நட்டு, பழைய சேலைகளை இழுத்துக் கட்டி அதன் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நல்ல யோசனை. சேலையின் கீழே உட்கார்ந்து பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. தகரமோ நீலத் தார்ப்பாயோ தாழ்வாகக் கட்டினால் அதுவே சூட்டைக் கீழே இறக்கும். பருத்திச் சேலையோ நிழல்வலையோ உயரமாகக் கட்டினால் அந்தத் தொல்லை குறைவு.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். குனிந்து வேலை செய்ய முடியாத ஒரு வயதான ஆயா, கையில் சொம்பும் இடுப்பில் குடமுமாக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். "குடி, குடிச்சுட்டுப் பிடுங்கு" என்பதுதான் அவர் வேலை. அவருக்கும் கூலி உண்டு.

"ஒரு ஆள் கூலி அதிகமாகுதேன்னு மொதல்ல யோசிச்சேன்" என்றார் கொல்லைக்காரர். "இது வந்ததுலேர்ந்து ஆளுங்க மயங்கி உக்காரல. தண்ணி குடிக்க வரப்புக்கும் கொல்லைக்குமா நடக்கல. கணக்குப் பாத்தா எனக்கு நட்டம் இல்ல சார்."

ஆனால் ஆயா நீட்டிய சொம்பை மூன்று பெண்கள் வாங்கவில்லை. ஒரு வாய் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் ஆண் அதிகாரியிடம் சொல்ல மாட்டார்கள். கொல்லைக்காரரின் மனைவிதான் பிறகு தனியாகச் சொன்னார்: "சுத்துமுத்தும் ஒரு மறைப்பு இல்ல சார். குடிச்சா ஒதுங்க எங்க போவாங்க? அதான் வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்காங்க."

பன்னிரண்டரை: அகஸ்தியம்பள்ளி உப்பளம்

1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி தலைமையில் வந்தவர்கள் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய இடம் அகஸ்தியம்பள்ளி. நினைவு ஸ்தூபி இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கிலோமீட்டர் ரயில் பாதை இங்கே வந்து முடிகிறது. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள்.

பன்னிரண்டரை மணிக்கு உலர்குமிழ் 37, ஈரக்குமிழ் 30. மேலே வெயில், கீழே வெள்ளை வெளேர் என்று உப்பு. தலையில் துண்டு போட்டிருந்தாலும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. பத்து நிமிடத்தில் எனக்குக் கண் கூசித் தலைவலி வந்துவிட்டது. கால் நூற்றாண்டாக அங்கே வேலை செய்கிறவர்கள் கறுப்புக் கண்ணாடி இல்லாமல், பலர் காலில் எதுவும் இல்லாமல், மரப்பலகையால் உப்பை வாரிக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரக்குமிழ் அளவு 35 டிகிரிக்குப் போனால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளால்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. கடும் வேலை செய்கிறவருக்கு அதற்கு வெகு கீழேயே ஆபத்து தொடங்கிவிடும். 30 என்பது ஓய்வு இல்லாமல் வேலை செய்யக் கூடாத அளவு.

கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், "மதியம் நிறுத்தி வைக்கலாமே அண்ணே" என்றேன்.

"வெயில்தான் சார் எங்களுக்குச் சோறு" என்றார். "வெயில் அடிச்சாத்தான் உப்பு எறங்கும். போன மாசம் ரெண்டு நாள் மழை. பாத்தி பூரா கரைஞ்சு போச்சு. திரும்பத் தண்ணி ஏத்தி, காய வச்சு, உப்பு எடுக்குற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்ல. வேலை இல்லாத நாளையும் சேத்து இப்ப சம்பாதிக்கணும். மழை வந்தாலும் எங்களுக்கு அடி, வெயில் கூடுனாலும் அடி."

பருவம் தப்பிய மழை ஒரு பக்கம், கூடிய வெயில் ஒரு பக்கம். மழையில் இழந்த கூலியை ஈடுகட்ட, இருப்பதிலேயே மோசமான வெயிலில் அதிக நேரம் வேலை. பருவநிலை மாற்றம் என்று நாங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதை, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்ன மாத்திரை என்றேன். "உடம்பு வலிக்கு சார். கடையில குடுப்பாங்க. தெனம் ஒண்ணு போட்டாத்தான் மறுநாள் எந்திரிக்க முடியும்."

நாலு மணி: அக்கா வீடு

இனி, கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட பாதிப் பதில்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு வட்டாரத்தில் இருந்தபோது, வரிசை நடவு செயல்விளக்கம் ஒன்று ஏற்பாடு செய்தேன். ஜூன் மாதம், குறுவை நடவு. நடவுப் பெண்களை ஏழரை மணிக்கு வரச் சொன்னேன். தொடங்கி வைக்க வேண்டியவர்கள் வந்தபோது மணி பதினொன்றரை. நான்கு மணி நேரம் பெண்களை வெயிலில் வரப்பில் நிறுத்தி வைத்திருந்தோம். அதன் பிறகு சேடையில் இறங்கி நட்டார்கள். ஒரு மணி வாக்கில் ஐம்பது வயது கடந்த ஓர் அக்கா, நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டே ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் விழுந்துவிட்டார்.

வரப்பில் படுக்க வைத்தோம். ஒருவர் கோலி சோடா வாங்கி வர ஓடினார். ஒருவர் கையில் சாவிக் கொத்தைக் கொடுத்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. காருக்குச் சொல்லி, கார் வந்து, மருத்துவமனைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஐம்பது அடி தூரத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்ந்த தண்ணீரை அள்ளி அவர் மேல் ஊற்ற வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேளாண்மைப் பட்டம் படித்த எனக்கும் தோன்றவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது. அதன் பிறகு நடவுக்குப் போகவில்லை. இப்போது செம்போடை பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான்கு வருடமாகப் போய்ப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க சார், வாங்க. தலையெல்லாம் நரைச்சுப் போச்சே" என்று திண்ணையில் இடம் காட்டினார். மகள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒடம்பு எப்படி இருக்கு அக்கா?"

"ரெத்தத்துல உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுத்துப் பாக்குறாங்க. மேல ஏறல. மருந்து சாப்புடுறேன்." கிரியாட்டினின் அளவைத்தான் நம் ஊரில் 'உப்பு' என்கிறார்கள்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் உங்களை நிக்க வச்சிருக்கக் கூடாது அக்கா. எட்டு மணிக்கே நடச் சொல்லியிருக்கணும்."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க, வர வேண்டியவங்க நேரங்கழிச்சு வந்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "அன்னைக்கு நானும் ஒரு தப்பு பண்ணுனேன். விடியக்காலையில ஒரு டீ குடிச்சதுதான். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி வாயில படல. அத்தன ஆம்பளைங்க, போட்டோ புடிக்கிறவங்க எல்லாம் நின்னாங்க. எங்க போயி ஒதுங்குறது? முதுகு வலின்னு காலையில ரெண்டு மாத்திரையும் போட்டுருந்தேன். டாக்டர்தான் கேட்டாரு, இத்தன வருஷமா இப்படியே தண்ணி குடிக்காம, மாத்திரையும் போட்டுத்தான் வேலை செஞ்சியாம்மான்னு. ஆமான்னேன்."

இதை அவர் தன் தப்பு என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. செயல்விளக்கத் திடல் போட்ட நான் பெயர்ப் பலகை வைத்தேன், ஷாமியானா வந்தவர்களுக்கு வைத்தேன், தண்ணீர் பாட்டில் மேடைக்கு வைத்தேன். நட வந்த இருபது பெண்களுக்கு ஒரு மறைப்புக் கட்டவில்லை.

உடம்புக்குள் நடப்பது

காலையிலிருந்து பார்த்ததெல்லாம் அக்கா பேசிய பிறகுதான் ஒன்றாகச் சேர்ந்தது. கடும் வெயிலில் கடும் வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். அதை ஈடு செய்யாவிட்டால் ரத்தத்தின் அளவு குறையும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். நீர் வற்றிய உடம்பில் தினமும் அந்த மாத்திரையையும் போட்டால், வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓடவிட்ட கதைதான்.

மத்திய அமெரிக்காவில், எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்களுக்கு, சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் பழுதாகிறது. நீர் வற்ற வற்ற வெயிலில் உழைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் இப்போது தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலையின் ஒரு பகுதியாகவே வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இரவும் முக்கியம். இரவு வெப்பம் கூடினால் நெற்பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வளர் பருவத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைவதைக் கண்டார்கள். மனிதனுக்கும் இரவுதான் பகலில் பட்ட சூட்டிலிருந்து மீளும் நேரம். அன்று இரவு எட்டு மணிக்கு அக்காவின் மகள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அளந்தேன். 33 டிகிரி. வெளியே திண்ணையில் 30. கஜாவுக்கு முன் அங்கே கீற்று வீடும் இரண்டு தென்னையும் இருந்ததாம். புயலுக்குப் பயந்து கூரையை மாற்றினார்கள். மாற்றியது தப்பு என்று யார் சொல்ல முடியும்? இப்போது கூரை மேல் தென்னங்கீற்று பரப்பி, பறக்காமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். அடுப்பு இருக்கும் பக்கம் மட்டும் பரப்பவில்லை. மாடி வீடாக இருந்தால் தளத்தில் சுண்ணாம்பு அடிப்பதும் பலன் தரும்.

பெரியவருக்குப் பதில்

நெல்லுக்குச் சாகுபடிக் குறிப்பு கொடுக்கிறோம். எத்தனை கிலோ விதை, எத்தனையாம் நாள் மேலுரம் என்று. வெயில் காலத்தில் வேலை செய்யும் உடம்புக்கும் ஒரு குறிப்பு வேண்டும். கூலிக்கு வருகிறவருக்கு மட்டும் அல்ல, சொந்த வயலில் தனியாக இறங்கும் சிறு விவசாயிக்கும், அவர் மனைவிக்கும் இதுதான்:

வேலை நேரம்: விடிந்ததும் தொடங்கி, பதினோரு மணிக்குள் முடியுங்கள். மிச்சம் இருந்தால் மாலை நாலரைக்கு மேல். மருந்து அடிப்பதும் காலையிலோ மாலையிலோ மட்டும். பெண்கள் ஆறு மணிக்கு வயலில் நிற்க வேண்டுமென்றால், அடுப்படி வேலையில் பாதியை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்: தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரே மூச்சில் சொம்பு சொம்பாகக் குடிப்பதும் தவறு, ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். இடையில் உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், அல்லது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சிறு கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பு, சர்க்கரை, தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நிழலும் மறைப்பும்: நான்கு மூங்கில், இரண்டு சேலை அல்லது நிழல்வலை. பக்கத்திலேயே நான்கு புறமும் சாக்குப் படுதா கட்டிய ஒரு மறைப்பு, ஒரு வாளித் தண்ணீர். இந்த மறைப்பு இல்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் வைத்தாலும் பெண்கள் குடிக்க மாட்டார்கள்.

புது ஆள்: கோடையின் முதல் வாரத்திலும், நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவருக்கும், வெளியூரிலிருந்து திரும்பியவருக்கும் உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். முதல் சில நாள் வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

ஆபத்து அறிகுறி: தலைவலி, குமட்டல், தசைப் பிடிப்பு வந்தால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ அது உயிர் போகும் விஷயம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலில் போய்விடும்.

வலி மாத்திரை: டாக்டர் சொல்லாமல் தினசரி வேண்டாம். பல வருடம் வெயிலில் வேலை செய்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை 'உப்பு' டெஸ்டும் சிறுநீர் டெஸ்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெயிலும் புயலைப் போல ஆளைக் கொல்லும் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பணம் எந்த வீட்டுக்கும் தேவைப்படாமல் போவதற்குத்தான் குடமும் சேலையும் சாக்குப் படுதாவும். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு அதிகம் இல்லை.

மே மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெரியவர் வந்திருந்தார். வெப்பமானி கணக்கைச் சொன்னேன், அக்கா கதையையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பதினோரு மணிக்குக் கரையேறுறது சரிங்கிறீங்க" என்றார்.

"ஆமாங்க ஐயா. எட்டரைக்கு எறங்குறதுதான் தப்பு. அதை நாமதான் மாத்தணும்."

"ஆறு மணிக்கு வாங்கன்னா, தண்ணிக்கும் மறைப்புக்கும் நான் ஏற்பாடு பண்ணணும். அதானே?"

அதேதான் என்றேன். இந்தக் குறுவைக்கு அவர் வயலில் ஒரு வரிசை நடவு செயல்விளக்கம் வைத்திருக்கிறேன். ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். யார் வந்தாலும் வராவிட்டாலும்.

உங்கள் ஊரில் வெயிலுக்காக வேலை நேரத்தை எப்படி மாற்றியிருக்கிறீர்கள், அதில் என்ன சிக்கல் வந்தது என்பதைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். குறிப்பாகப் பெண்கள் எழுதுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிய வழியில்லை.